துளை சிறியது, வலி நீண்டது: மார்பு நுண்துளை அறுவைக்குப் பின் தொடரும் வலியைக் கையாளும் முறை

"துளை போட்டுத்தானே செய்தார்கள், இன்னுமா வலிக்கிறது?" மார்பில் கேமரா வைத்து அறுவை செய்துகொண்டவர்கள் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வீட்டிலும் அலுவலகத்திலும் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. தழும்பைப் பார்த்தால் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. எக்ஸ்ரே தெளிவாக இருக்கும். அறுவை செய்த மருத்துவரும் எல்லாம் நன்றாக ஆறிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருப்பார். ஆனாலும் குளித்துவிட்டு விலாப்பக்கம் துண்டை ஒற்றும்போது, தீய்ந்த தோலில் உப்புத்தாளை இழுத்ததுபோல் ஓர் எரிச்சல் ஓடும்.

நிமோனியாவுக்குப் பின் நுரையீரலைச் சுற்றிக் கட்டிக்கொண்ட சீழை அகற்றுவதற்காக எனக்கு இந்த அறுவை நடந்தது. வலது அக்குளுக்குக் கீழே மூன்று துளைகள். காய்ச்சல் போய், மூச்சு சீராகி, வேலைக்குத் திரும்பிய பிறகும் பதினான்கு மாதங்கள் அந்த எரிச்சல் என்னுடன் இருந்தது. அப்போது மருத்துவர்களிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் கற்றுக்கொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மருத்துவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது, இடைப்பட்ட நாட்களில் வீட்டில் என்ன செய்வது என்பதற்கு இது துணை நிற்கும். மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

வலி எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பிலும் உட்புறமாக ஒரு பள்ளம் உண்டு. அதில் சிரை, தமனி, நரம்பு ஆகிய மூன்றும் மேலிருந்து கீழாக இதே வரிசையில் ஓடுகின்றன. நரம்பு அடியில் இருப்பதால் எலும்பின் காப்பு அதற்குத்தான் மிகக் குறைவு. இதனால்தான் அறுவை மருத்துவர்கள் மேல் விலாவின் அடியை விட்டு விலகி, கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டித் துளையிடுகிறார்கள். என்றாலும் இரண்டு விலாக்களுக்கு நடுவே இருப்பது ஒரு விரல் நுழையும் சந்துதான். அதன் வழியே கருவியை உள்ளே செலுத்தி இப்படியும் அப்படியும் சாய்க்கும்போது, கடப்பாரையை நெம்புவதுபோல் அதன் தண்டு மேல் விலாவின் அடியில் அழுந்துகிறது. அறுவை முடிந்த பின் காற்றும் நீரும் வெளியேறுவதற்காக வைக்கும் குழாயும் சில நாட்கள் அதே சந்தில் கிடந்து, இருமும்போதெல்லாம் உரசுகிறது. பலருக்கு அறுவை நடந்த துளையைவிடக் குழாய் இருந்த இடம்தான் பின்னாளில் அதிகம் வலிக்கிறது.

ஆகவே வலியின் அளவைத் தீர்மானிப்பது தோலில் போட்ட கீறலின் நீளம் என்று எண்ணிவிடக் கூடாது. நெஞ்சைப் பெரிதாகத் திறந்து செய்யும் பழைய முறையைவிட நுண்துளை முறை வலி குறைந்தது என்பதில் ஐயமில்லை. டென்மார்க்கில் ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோயாளிகள் 206 பேரை இரு குழுவாகப் பிரித்து நடத்தி, 2016இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக்குப் பிந்தைய ஓராண்டு முழுவதும் நுண்துளைக் குழுவினருக்கு வலி குறைவாகவும் வாழ்க்கைத் தரம் மேலாகவும் இருந்ததைக் காட்டியது. ஸ்பெயினின் லா கொருன்யா நகரில் டியேகோ கொன்சாலஸ் ரிவாஸ் 2010இல் ஒரே துளை வழியாக நுரையீரல் மடல் ஒன்றை அகற்றிக் காட்டிய பிறகு, ஒரே ஒரு விலாச் சந்தை மட்டும் தொடும் முறையும் பரவியது. ஆனால் வலி நீடிப்பதற்கு ஒரு நரம்பு காயப்பட்டாலே போதும். நுண்துளை அறுவை செய்துகொண்டவர்களில் நான்கில் ஒருவருக்கும், சில ஆய்வுகளில் அதற்கு மேற்பட்டவர்களுக்கும், மாதக்கணக்கில் ஏதோ ஒரு வலி மிஞ்சுகிறது. பெரும்பாலோருக்கு அது லேசானது. சிலருக்குத் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குக் கடுமையானது.

அறுவைக்குப் பின் தோன்றி அல்லது அதிகமாகி, குறைந்தது 3 மாதங்கள் நீடித்து, வேறு காரணம் சொல்ல முடியாத வலியை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு தனி நோய்நிலையாகவே பட்டியலிட்டிருக்கிறது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. "மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது. விலா நரம்பு முதுகுத்தண்டில் புறப்பட்டு, பக்கவாட்டில் வளைந்து, முன்பக்கம் வந்து முடிகிறது. காயம் பக்கவாட்டில் பட்டாலும் வலி முன்னால்தான் தெரியும்: மார்பகத்தின் அடியில், நெஞ்செலும்பின் ஓரத்தில், மேல் வயிற்றில். நான்காவது நரம்பு மார்புக்காம்பின் மட்டத்தையும் பத்தாவது நரம்பு தொப்புளின் மட்டத்தையும் உணர்கின்றன. ஏழாவதிலிருந்து கீழே உள்ளவை வயிற்றுச் சுவருக்கே போகின்றன. கேமராவுக்கான துளையைப் பெரும்பாலும் ஏழாவது அல்லது எட்டாவது சந்தில் போடுவதால், வலது மேல் வயிற்றில் எரிகிறது என்று சொல்லி மாதக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. நானும் ஆறு வாரம் விழுங்கினேன். சாப்பாட்டுக்கும் எரிச்சலுக்கும் தொடர்பே இல்லை என்பதையும், பனியன் உரசினால் அது கூடுகிறது என்பதையும் கவனித்த பிறகுதான் அது வயிறு அல்ல என்று விளங்கியது.

காயம்பட்ட நரம்பு மீண்டும் வளரும் வேகம் ஏறக்குறைய நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். பக்கவாட்டிலிருந்து முன்மார்பு வரை ஒரு சாண் தூரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். மாதங்களில் எண்ண வேண்டியதை வாரங்களில் எதிர்பார்த்து மனம் உடைவது நம்மில் பலர் செய்கிற தவறு.

முதலில் விலக்க வேண்டியவை

பழைய வலி என்று பெயர் வைத்துவிட்டால் புதிய ஆபத்து அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி வியர்வையோடும், இடது கை, தோள் அல்லது தாடைக்குப் பரவுவதோடும் வந்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டு அதோடு நெஞ்சு வலித்தாலும், இருமலில் இரத்தம் வந்தாலும் எதையும் யோசிக்காமல் அவசர ஊர்தியை அழையுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. காய்ச்சல், தழும்பில் சிவப்பு, சீழ், வீக்கம் ஆகியவற்றுக்கு அன்றே அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவருக்கு, குறைந்துவந்த வலி மீண்டும் ஏறினாலோ, இரவில் படுத்தால் கூடினாலோ, எடை இறங்கினாலோ, நோய் திரும்பவில்லை என்பதைப் படம் எடுத்து உறுதி செய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். காசநோய்க்காகவோ சீழுக்காகவோ செய்துகொண்டவருக்கு மாலைக் காய்ச்சலும் பசியின்மையும் அதே போன்ற எச்சரிக்கைகள். விலாவை ஒட்டி ஒரு பட்டையாக எரிச்சல் தொடங்கி, ஓரிரு நாளில் அதே பட்டையில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால் அதற்கும் தாமதம் கூடாது. நீரிழிவு இருப்பவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் கட்டுப்பாடற்ற சர்க்கரையே மார்பு நரம்புகளை எரிய வைக்கக்கூடும்.

வலிக்குச் சரியான சொல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவர் படிப்பார் என்றால் அது இதுவாக இருக்கட்டும். "டாக்டர், வலிக்கிறது" என்ற இரண்டு சொற்களுக்குக் கிடைப்பது ஒரு வலி மாத்திரை. தசை வலிக்கும் நரம்பு வலிக்கும் மருந்து வேறு வேறு. எது என்று கண்டுபிடிக்க மருத்துவருக்குப் பெரும்பாலும் இருக்கும் ஒரே கருவி நீங்கள் சொல்லும் சொல்தான். நல்லவேளையாகத் தமிழில் வலிக்குச் சொற்பஞ்சம் கிடையாது. வீட்டில் பாட்டிமார் பிரித்துப் பிரித்துச் சொல்வதை மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நாம்தான் மறந்துபோகிறோம்.

எரிச்சல், காந்தல், சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் ஒரு வெட்டு, ஊசி குத்துவதுபோல் குறுகுறுப்பு, எறும்பு ஊர்வதுபோல் அரிப்பு, மதமதப்பு, மரத்துப்போதல், துணி பட்டாலே தாங்க முடியாத கூச்சம்: இவை நரம்பின் மொழி. கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, கையைத் தூக்கினால் இழுத்துப் பிடித்தல், ஒரு குறிப்பிட்ட இடத்தை அழுத்தினால் "அங்கேதான்" என்று சொல்ல வைக்கும் நோவு: இவை தசையையும் மூட்டையும் சுட்டுகின்றன. அறுவையின்போது பக்கவாட்டில் படுக்க வைத்துக் கையை மணிக்கணக்கில் தலைக்கு மேல் நிறுத்தி வைப்பதாலும், பிறகு வலிக்குப் பயந்து அந்தக் கையை அசைக்காமல் விடுவதாலும், தோள் இறுகிப்போவது மிகச் சாதாரணம். ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது மட்டும் உள்ளே குத்தினால் அது நுரையீரல் உறையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அக்குளிலிருந்து மேற்கையின் உள்பக்கம் வரை மரத்திருந்தால், அக்குளை ஒட்டிய மேல் துளைக்கு அருகில் போகும் வேறொரு நரம்புக் கிளை காயப்பட்டிருக்கலாம். ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதே பெரும்பாலும் உண்மை நிலை.

நரம்பு வலியை இனங்காண பிரெஞ்சு மருத்துவர்கள் உருவாக்கி 2005இல் வெளியிட்ட டிஎன்4 என்னும் கேள்வித்தாளில் பத்தே விவரங்கள்தான் உள்ளன: எரிச்சல், வலிக்கும் குளிர்ச்சி, மின் அதிர்ச்சி, குறுகுறுப்பு, ஊசி குத்தல், மரத்தல், அரிப்பு ஆகிய ஏழை நோயாளி சொல்ல வேண்டும், தொடு உணர்வு குறைந்திருக்கிறதா, குத்தல் உணர்வு குறைந்திருக்கிறதா, தூரிகையால் வருடினால் வலிக்கிறதா என்ற மூன்றை மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். பத்தில் நான்கோ அதற்கு மேலோ இருந்தால் நரம்பு வலி என்று கருத இடமுண்டு.

வீட்டில் இதை இப்படிச் செய்து பார்க்கலாம். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து, வலி இல்லாத பக்கத்தில் மெல்ல வருடி, அந்த உணர்வை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வலிக்கும் பக்கத்தில், நல்ல தோலிலிருந்து தழும்பை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். உணர்வு மாறும் இடத்தில், அதாவது பஞ்சு பஞ்சாகத் தெரியாமல் போகும் இடத்திலோ முள்ளாகத் தெரியத் தொடங்கும் இடத்திலோ, பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். மேல், கீழ், முன், பின் என எல்லாத் திசையிலிருந்தும் இப்படியே வந்து புள்ளிகளை இணைத்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது ஒரு நீண்ட மாங்காய்க் கீற்று வடிவம். முதுகுப்பக்கம் குறுகி, முன்னால் அகன்றிருந்தது. அடுத்து, குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் அடிப்பக்கத்தை அதற்குள் வைத்துக் குளிர்ச்சி தெரிகிறதா, எரிகிறதா, ஒன்றுமே இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் படம் எடுத்துத் தேதியோடு சேமித்து, மாதம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். நாளுக்கு நாள் வலி ஏறி இறங்குவதால் குணமாவது நமக்குத் தெரியாது. நான்கு மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் என்னுடைய கீற்று சுருங்கியிருப்பது எனக்கே தெரிந்தது.

இத்துடன் ஒரு சிறு நோட்டில், 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் கற்பனை செய்யக்கூடிய உச்சம் என்ற கணக்கில், காலை ஒன்றும் இரவு ஒன்றுமாக எண் எழுதி வந்தால் போதும். மணிக்கொருமுறை எழுதுவது வலியைக் காவல் காக்கும் வேலையாக மாறிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

யாரைப் பார்ப்பது

முதலில் அறுவை செய்த மருத்துவரையே பாருங்கள். எந்தச் சந்தில் துளை போட்டார், குழாய் எத்தனை நாள் இருந்தது என்பதை அறிந்தவர் அவர். வெளியேற்றச் சுருக்கத்தையும் அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் படமும் பரிசோதனையும் சரியாக இருக்கின்றன என்று சொன்ன பிறகும் வலி நீடித்தால், "வலி மருத்துவரிடம் அனுப்புகிறீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். வலி சிகிச்சைப் பிரிவைப் பல மருத்துவமனைகளில் மயக்க மருந்துத் துறையினரே நடத்துகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாததால், மருத்துவமனை வாசலில் "வலிக்கு எந்த டாக்டர்?" என்று கேட்டால் எலும்பு மருத்துவரைக் காட்டிவிடுவார்கள். மயக்கவியல் துறை எங்கே என்று கேட்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாத்திரைகளைப் பற்றி

பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக் வகையும் தசை வலிக்கும் மூட்டு வலிக்கும் உதவும். நரம்பு எரிச்சலுக்கு அவற்றால் பெரும்பாலும் பயன் இல்லை. பயன் இல்லாததால் இன்னொன்று, மற்றொன்று என்று கூட்டிக்கொண்டே போவதில்தான் ஆபத்து. பாராசிட்டமால் வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றாலே வரம்பைத் தொட்டுவிடும். இதற்கிடையே மருந்துக்கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவற்றை மாதக்கணக்கில் சொந்தமாகச் சாப்பிடுவது வயிற்றுப் புண்ணிலும் சிறுநீரகப் பழுதிலும் கொண்டுபோய் விடும்.

நரம்பு வலிக்கு மருத்துவர்கள் எழுதுவது வேறு குடும்பம்: கேபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்ஸிடின். இவற்றில் முதல் இரண்டும் வலிப்பு நோய்க்கும், மற்றவை மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. சீட்டைக் கொடுத்ததும் கடைக்காரர் "இது ஃபிட்ஸ் மாத்திரையாச்சே, உங்களுக்கு எதற்கு?" என்று கேட்பார், வீட்டில் யாராவது கைபேசியில் தேடிப் பார்த்து "மனநோய் மாத்திரை" என்று பதறுவார்கள், மாத்திரை மேசை இழுப்பறைக்குள் போய்விடும். கட்டுக்கடங்காமல் சமிக்ஞை அனுப்பும் நரம்பை அடக்குவதும், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி வலியைத் தணிக்கும் பாதையை வலுப்படுத்துவதும்தான் இங்கே அவற்றின் வேலை. மருத்துவர் இதை விளக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டால், நீங்களே கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இவை விழுங்கிய அரை மணியில் வேலை செய்பவை அல்ல. சிறிய அளவில், அமிட்ரிப்டிலின் என்றால் பெரும்பாலும் இரவு 10 மில்லிகிராமில், தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பிரீகாபலினால் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், கால் வீக்கம், எடை கூடுதல் ஆகியவை வரலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அமிட்ரிப்டிலினால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டுலாக்ஸிடினால் ஆரம்பத்தில் குமட்டும். கல்லீரல் நோயாளிகளுக்கு ஆகாது. டிரமடால் கலந்த வலி மாத்திரையை டுலாக்ஸிடினோடு மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்கவே கூடாது. பிரீகாபலினோடு தூக்க மாத்திரையோ மதுவோ டிரமடாலோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். நுரையீரலில் ஒரு பகுதியை இழந்தவருக்கு இது வெறும் எச்சரிக்கை வாசகம் அன்று.

மருந்துகளால் வலி பாதியாகக் குறைந்தாலே அது நல்ல வெற்றி. பூஜ்யம் ஆகவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள் கையில் கிடைத்ததையும் இழக்கிறார்கள். பிரீகாபலினோடு சேர்த்து விற்கப்படும் வைட்டமின் பி12, உடலில் அது குறைவாக இருப்பவருக்குத்தான் உதவும்.

மேல்பூச்சு மருந்துகளில் கவனிக்கத்தக்கது லிடோகெய்ன் பட்டை. ஆறிய, புண் இல்லாத தோலில் ஒட்டி 12 மணி நேரம் வைத்து, அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும். துணி உரசல் தாங்காதவர்களுக்கு, மருந்தோடு ஒரு கவசமாகவும் அது இருக்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் கலந்த களிம்பும் உண்டு. முதல் சில நாட்கள் அதுவே எரியும், வெந்நீரில் குளித்தாலோ வியர்த்தாலோ இன்னும் எரியும், தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் அன்றைய பொழுது போயிற்று.

ஊசி வழி சிகிச்சை

மாத்திரை போதாதபோது, அல்லது அதன் பக்கவிளைவு தாங்காதபோது, அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடி நரம்புக்கு அருகில் மரப்பு மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. அதனுடன் சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ப்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். விலா நரம்பை நேரடியாக மரக்கச் செய்வது பழைய முறை. நுரையீரல் உறை மிக அருகில் இருப்பதால் அரிதாகக் காற்று கசியும் ஆபத்து அதில் உண்டு. முதுகுத்தண்டை ஒட்டிய நீள் தசைக்கு அடியில் மருந்தைப் பரப்பும் முறையைக் கனடாவின் மருத்துவர்கள் 2016இல் விவரித்தபோது, அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டதே மார்பின் நரம்பு வலிதான். ஊசியின் பலன் சில மணி நேரமா, சில வாரமா என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். ஆனால் சில மணி நேரம் மட்டுமே நின்றாலும், வலி அந்த நரம்பிலிருந்துதான் வருகிறது என்பது உறுதியாகும். அதன் பிறகே, நரம்பைச் சுடாமல் ரேடியோ அலைத் துடிப்பால் அமைதிப்படுத்துவது போன்ற அடுத்த கட்டங்களைப் பேச முடியும். நரம்பையே வெட்டிவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். வெட்டிய முனையில் முடிச்சுப்போல் வளர்ந்து முன்னைவிட மோசமாக வலிக்கக்கூடும்.

தோலைப் பழக்குவதும் உடலை அசைப்பதும்

துணி பட்டாலே வலிக்கிறது என்றால் அந்த இடத்தைப் பொத்திப் பொத்திக் காப்பதுதான் இயல்பு. ஆனால் தொடுகையே இல்லாமல் விட்டால் நரம்பின் கூச்சம் கூடுகிறது. காயம் முழுவதும் ஆறிய பிறகு, நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், முதலில் பட்டுத்துணி அல்லது பஞ்சால் வருடுங்கள். அது பழகிய பிறகு பழைய பருத்தி வேட்டித் துணி, அதன் பிறகு துவாலை, கடைசியாக விரல் நுனியால் சற்று அழுத்தி வட்டமாகத் தேய்ப்பது. கூச்சம் 10க்கு 4 அளவில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. 8 அளவுக்கு வலிக்கும் பொருளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பதால் நரம்பு பழகாது, பயம்தான் பழகும்.

ஒத்தடத்தில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கிக் காலையில் கொப்புளத்தோடு எழுந்தவர்கள் இருக்கிறார்கள். சூட்டை மறுபக்கத்து நல்ல தோலிலோ முன்கையின் உட்புறத்திலோ சோதித்து, துணி சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். லிடோகெய்ன் பட்டை ஒட்டிய இடத்தின் மேல் ஒத்தடமே கூடாது. கூச்சம் இருக்கும் தோலில் தைலம் பூசினால் காந்தல் கூடும். தோளிலும் முதுகிலும் இருக்கும் பிடிப்புக்கு வேண்டுமானால் தடவிக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் கொடுத்த மூன்று பந்து ஊதுகருவியைப் பரணில் போட்டிருந்தால் இறக்குங்கள். பெயர்தான் ஊதுகருவி, உண்மையில் காற்றை ஊதாமல் உள்ளே இழுக்க வேண்டும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுபவருக்கு விலாக்கூடு இறுகுகிறது, இறுகிய விலாக்கூடு மேலும் வலிக்கிறது. வலிக்கும் பக்கத்தின் கீழ் விலாக்களில் உள்ளங்கையை வைத்து, மூச்சிழுக்கும்போது அந்தக் கையை விலா வெளியே தள்ளுகிறதா என்று கவனித்தபடி, ஐந்து ஐந்தாக நாளுக்கு நான்கு முறை செய்தால் போதும். தோளுக்கு, சுவரை நோக்கி நின்று விரல்களால் சுவரில் மேலே ஏறுங்கள். ஏறிய உயரத்தைப் பென்சிலால் குறித்து, அடுத்த வாரம் அதற்கு ஒரு விரல்கடை மேலே போங்கள். எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்க வந்தவர் குழந்தையின் உயரம் என்று நினைத்து அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார்.

நல்ல நாள் ஒன்று வாய்த்துவிட்டால் வீடு முழுக்க ஒட்டடை அடித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடப்பது எல்லாரும் செய்வது. வலியை அளவுகோலாக வைக்காமல் கடிகாரத்தை வைத்துக்கொள்வதே இதற்கு மருந்து. இருபது நிமிட நடை என்றால் நல்ல நாளிலும் இருபது நிமிடம், மோசமான நாளிலும் முடிந்த மட்டும் இருபது நிமிடம். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம்.

அன்றாடத்தில் சில

பெண்களுக்கு மார்புக்கச்சின் கீழ்ப்பட்டையும் ரவிக்கையின் பக்கத் தையலும் சரியாகத் தழும்பின் மேல் வந்து விழும். ஒரு சுற்று தளர்த்திக்கொள்வது, முன்பக்கம் கொக்கி வைத்தது, உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிந்து அதன் மேல் போடுவது ஆகியவை உதவும். மருத்துவரிடம் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பலர் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்காமல் இருக்கைப் பிடியைப் பிடியுங்கள். குடத்தை வலிக்கும் பக்கத்து இடுப்பில் வைக்காமல், பாதி நிரப்பி இரண்டு நடையாக எடுத்துச் செல்லுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் சிறு தலையணையை விலாவோடு அணைத்துக்கொள்ளுங்கள். காரின் இருக்கைப் பட்டை உரசினால் நடுவே ஒரு துணியை மடித்து வையுங்கள். பட்டையைப் போடாமல் போக வேண்டாம். நல்ல பக்கமாகப் படுத்து, வலிக்கும் பக்கத்துக் கையை முன்னால் ஒரு தலையணை மேல் கிடத்தினால் விலா இழுபடாது.

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையும் எரிச்சலுமாகப் பொழுது போனால் அதையும் மருத்துவரிடம் ஓர் அறிகுறியாகவே சொல்லுங்கள். பீடி, சிகரெட்டை இன்னும் விடவில்லை என்றால், இருமல் ஒவ்வொன்றும் அதே விலாவைத்தான் உலுக்குகிறது.

இனிமேல்தான் அறுவைக்குப் போகப் போகிறவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே வேறு இடத்தில் தீராத வலி இருப்பதும், அறுவைக்குப் பிந்தைய முதல் நாட்களில் கடுமையான வலியை அனுபவிப்பதும், பின்னால் வலி நிலைத்துவிடும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆகவே மயக்க மருந்து மருத்துவர் பார்க்க வரும்போது பழைய வலியைச் சொல்லுங்கள். நரம்பை மரக்கச் செய்யும் ஊசி தருவார்களா என்று கேளுங்கள். வார்டில் இரவு இரண்டு மணிக்கு வலித்தால் செவிலியரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள்.

வலி குறைந்து, மூன்று நான்கு மாதமாக நோட்டில் 1, 2 என்றே எழுதிக்கொண்டிருக்கும் கட்டம் வந்தால், மாத்திரையை விடுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். பிரீகாபலினையும் டுலாக்ஸிடினையும் அமிட்ரிப்டிலினையும் ஒரே நாளில் நிறுத்தினால் தூக்கமின்மை, குமட்டல், படபடப்பு, வியர்வை ஆகியவை வந்து, வலிதான் திரும்பிவிட்டதோ என்று ஏமாற்றும். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் நோட்டில் எண்ணைப் பார்த்து, எண் ஏறினால் முந்தைய படிக்குத் திரும்பி ஒரு மாதம் நிற்பது என்ற முறையில் எனக்கு அது பதினொரு வாரம் எடுத்தது. கடைசி மாத்திரைக்குப் பிறகும் கீற்றின் நடுவே ஓர் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மரத்த இடம் மிஞ்சியிருக்கிறது. சட்டை உரசினால் அது இருப்பதே தெரிவதில்லை.